சீமோனின் அட்டை

இயேசு மரி சூசை

ரொறன்ரோ
18.09.2022

அன்பின் அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் மகள் நிரூபாவும் சுகம். என் முழங்கால் மட்டும் என்னோடு கோபித்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் சுகம் எப்படி? இடது காது இன்னும் இரைகிறதா? மண்ணெண்ணெய்க்கு இன்னும் வரிசையில் நிற்கிறீர்களா, அல்லது முல்லைத்தீவுப் பக்கம் இப்போது கிடைக்கிறதா?

“அம்மா, இந்தக் காலத்தில ஆர் கடிதம் எழுதினம்?” என்று அஜக்ஸிலிருந்து வரும்போதெல்லாம் நிரூபா சிரிக்கிறாள். ஷெல்லோடு பெரியம்மாவின் காது போய்விட்டது, போனில் எழுதினாலும் அவ நம்ப மாட்டா, தலையணைக்குக் கீழே வைக்கக்கூடியதைத்தான் நம்புவா என்று சொன்னேன். அவளுக்கு விளங்கியதோ தெரியாது.

முழங்காலின் கோபத்துக்குக் காரணம் லிப்ற். எங்கள் கட்டடத்து மூன்று லிப்றில் இரண்டு யூன் மாதத்திலிருந்து செத்துக் கிடக்கிறது. வேலையில் வயதுபோனவர்களைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திவிட்டு வந்து பதினாலு மாடி ஏறினால் எப்படி இருக்கும்? போன மாதம் நூலகத்தில் குடியிருப்பாளர் கூட்டம் வைத்தார்கள். அங்கே நாலு யூதப் பெண்கள், எல்லாரும் அறுபது எழுபது வயதுக்காரர், மடிக்கிற மேசையும் பேனாக்களும் கொண்டு வந்து காத்திருந்தார்கள். நகரசபைக்குக் கடிதம் எழுத உதவி செய்யவாம். எங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் இவர்களுக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டுதான் போய் இருந்தேன்.

தலைவி பெயர் ரொஷெல். எழுபத்தாறு வயது, படிப்பித்து ஓய்வுபெற்றவ, சிவப்புச் சப்பாத்து. அவ இங்கிலீசில் சொன்னதை நான் எங்கள் கதையிலேயே எழுதுகிறேன், அப்போதுதான் அவவின் அதிகாரம் உங்களுக்கு விளங்கும். “என்ன வேணும் உனக்கு?” என்றா. நான் லிப்ற், கரப்பான், ஹீற்றர், தபால்பெட்டி என்று அடுக்கினேன். “ஒண்டு சொல்லு. நாலு கேட்டால் அவங்கள் நாலையும் விட்டிடுவாங்கள்.” லிப்ற் என்றேன். “அப்ப ஏன் கரப்பானைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாய்? வெட்டு!”

கடிதத்தில் தன் பெயர், நடந்தது, வேண்டியது ஒன்று, இவ்வளவும்தான் இருக்கவேண்டுமாம். கையெழுத்தில் எழுதவேண்டும், தபால் குறியீடு போடவேண்டும், இல்லாவிட்டால் ஒருவரும் திரும்பியும் பாராராம். எங்களுக்காக ஏன் மினக்கெடுகிறீர்கள் என்று கேட்டேன். “என்ர அம்மா கப்பலால வந்து இறங்கினதும் இப்பிடி ஒரு பில்டிங்கிலதான். அப்ப ஒருத்தரும் மேசை கொண்டு வரேல்லை” என்றா.

மருந்தை ஒழுங்காகப் போடுங்கள்.

அன்புத் தங்கை,
எமில்டா

*

முல்லைத்தீவு
20.10.2022

எமில்டாவுக்கு, அக்கா எழுதுவது.

சுகத்துக்குக் குறைவில்லை. காது இரைகிறது, இரையட்டும். மண்ணெண்ணெய் கிடைக்கிறது, விலையைக் கேட்டால்தான் நெஞ்சு நிற்கும். நீ முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசு. நிரூபாவை ஒழுங்காகக் கோயிலுக்குக் கூட்டிப்போ.

காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுக் கொட்டிலில் நாங்கள் இருக்கத் தொடங்கி இரண்டாயிரம் நாள் ஓகஸ்டில் தாண்டிவிட்டது. எண்ணுகிற வேலை பாலேஸ்வரிக்கு. தினமும் காலையில் பலகையில் பழைய இலக்கத்தை அழித்துப் புதிதை எழுதுவாள். அவளுடைய மகளின் படமும் என்னுடைய சீமோனின் படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. இந்த வருசம் மூன்று தாய்மார் செத்துப்போனார்கள். அவர்கள் பெற்றதுகளின் படம் இன்னும் தொங்குகிறது. எங்கே என்று கேட்க ஆளில்லை, நாங்கள் கேட்கிறோம்.

உன் யூதப் பெண்களைப் பற்றி இரண்டு தரம் வாசித்தேன். லிப்றுக்கு எழுதுகிறவர்கள் ஒரு பிள்ளைக்கு எழுத மாட்டார்களா? சீமோனின் பெயரைக் குடு. பத்தொன்பது வயது, 2009இல் சண்டையின் கடைசிநாள் சோதனைச்சாவடியில் ஆமி பஸ்ஸில் ஏற்றினதைக் கண்ட ஆள் இருக்கிறது, கழுத்தில் நான் தைத்த உத்தரியம், மண்ணிறத் துணி, நீல நூல். மாதாவின் உத்தரியம் போட்டவனை மாதா விடமாட்டா.

இன்னொன்று. பிரியந்தன் என்ற பெடியன், கடைசிக் கிழமைகளில் சீமோனோடு திரிந்தவன், உங்கள் பக்கம்தான் இருக்கிறான் என்று எத்தனை வருசமாகச் சொல்கிறார்கள். தேடச் சொல்லி எத்தனை தரம் எழுதிவிட்டேன். தேடினாயா?

அக்கா

*

இயேசு மரி சூசை

ரொறன்ரோ
14.11.2022

அன்பின் அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் கடிதம் கண்டு சந்தோசம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, காலுக்கு இரண்டு சோடி மேஸ் போட்டும் விறைக்கிறது.

முதலில் நல்ல செய்தி. லிப்ற் ஓடுகிறது! நாற்பத்தொரு கடிதம் அனுப்பினோம். பத்து நாள் பொறுத்து ரொஷெல் போன் எடுத்தா. அதற்கும் பதிலில்லை என்றதும் நாங்கள் ஏழு பேர் கட்டட நிர்வாகத்தின் கந்தோருக்கே போனோம். வரவேற்பில் இருந்த பிள்ளை, “இருக்க இடமில்லை, பிறகு வாங்கோ” என்றது. ரொஷெல் சிரித்துவிட்டு, காரிலிருந்து ஏழு மடிக்கிற கதிரையை இறக்குவித்தா. எப்போதும் காரில் வைத்திருப்பாவாம். இருந்தோம், அக்கா. ஒரு மனிசி பின்னல் ஊசியை எடுத்துப் பின்னத் தொடங்கினா. இரண்டு மணித்தியாலத்தில் மேலாளர் வெளியே வந்தார். நான் சிரித்த சிரிப்பில் வயிறு நொந்தது.

மரித்தவர்களின் திருநாளுக்குக் கோயிலுக்குப் போனேன். மூன்று மெழுகுதிரி கொளுத்தினேன். அம்மாவுக்கு ஒன்று, ஐயாவுக்கு ஒன்று. பூசை நல்ல வடிவாக இருந்தது. பிறகு தேத்தண்ணியும் வடையும் தந்தார்கள்.

நீங்கள் எழுதின மற்ற விசயங்களை யோசிக்கிறேன். ரொறன்ரோ பெரிய இடம், ஒரு ஆளைத் தேடுவது லேசில்லை. ரொஷெலிடம் சந்தர்ப்பம் பார்த்துச் சொல்கிறேன்.

நனையாமல் இருங்கள், அங்கே மாரி தொடங்கியிருக்கும்.

எமில்டா

*

முல்லைத்தீவு
12.12.2022

எமில்டா,

நல்லாயிருக்கிறேன், நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று மாதாவை மன்றாடுகிறேன்.

மூன்று மெழுகுதிரி என்று எழுதி இரண்டு பேரைத்தான் சொல்லியிருக்கிறாய். மூன்றாவது ஆருக்கு? கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். என் மனிசனுக்காக இருக்கும் என்று பிறகு யோசித்தேன். அருள்நாயகம் கடலில் போய் இருபத்தாறு வருசம். அவரை நீ நினைத்தது பெரிய காரியம்.

இதோடு சீமோனின் படம் வைத்திருக்கிறேன். பாடசாலை அடையாள அட்டைக்கு எடுத்தது. ஒன்றுதான் மிச்சம், கடையில் பெருப்பித்து எடுத்தேன். அந்தப் பெண்ணிடம் கொடு. சந்தர்ப்பம் பார்க்காதே. கதிரை கொண்டு போகிற மனிசியிடம் சந்தர்ப்பம் எதற்கு?

அக்கா

*

இயேசு மரி சூசை

ரொறன்ரோ
09.01.2023

அன்பின் அக்காவுக்கு,

புதுவருச வாழ்த்துகள். நாங்கள் சுகம், எனக்குக் கொஞ்சம் நித்திரைக் குறைவு. உங்களுக்கு எப்படி? மழைக்குக் கொட்டில் ஒழுகுகிறதா?

ஓம் அக்கா, மூன்றாவது மெழுகுதிரி அத்தானுக்குத்தான்.

படத்தைக் கொண்டுபோய் ரொஷெலிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தா. “இந்தப் பிள்ளைக்கு உன்ர கண்” என்றா. இப்போது ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவவின் வீட்டில் எழுதுகிறோம். பன்னிரண்டு பெண்கள், சூப், ஒரு கட்டுக் கடதாசி. பாராளுமன்றத்துக்கு எழுதும் கடிதத்துக்கு இங்கே முத்திரை ஒட்டத் தேவையில்லை, தெரியுமா? இருபத்தாறு வருசம் இந்த நாட்டில் இருக்கிறேன், அது எனக்கே தெரியாது. உங்கள் கொட்டிலைப் பற்றி நான் சொல்ல, அவர்கள் ஆளுக்கொரு தாயின் பெயரைப் பொறுப்பெடுத்து எழுதுகிறார்கள். பாலேஸ்வரியைப் பற்றி எழுதின மனிசி எழுதி முடித்துவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய் அழுதா.

மார்ச் எட்டாம் திகதி எங்கள் எம்.பி.யின் கந்தோருக்குப் போகிறோம். உங்கள் கொட்டிலுக்கும் அன்றைக்கு ஆறு வருசம் என்று நான் சொல்லவும் ரொஷெல் அந்த நாளைத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக எடுத்துவிட்டா. நான் மூன்று நிமிசம் பேசவேண்டுமாம். “உனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லு. கேள்விப்பட்டதைச் சொல்லாத. ஒரு பேர் பிழையெண்டு கண்டால் மிச்சப் பேர் எல்லாத்தையும் தட்டிவிடுவாங்கள்.”

திருத்தின லிப்றில் ஒரு குறை இருக்கிறது. பின்னேரம் நான் சமைத்துக்கொண்டு நிற்கும்போது அது தானாக எங்கள் மாடிக்கு வந்து நிற்கும். கதவு திறக்கிற சத்தம் கேட்கும். ஒருவரும் இறங்குவதில்லை. நான் போய்ப் பார்ப்பேன். உள்ளே வெளிச்சம், வெறும் பெட்டி. மூடிக்கொண்டு போய்விடும். திருத்துகிறவனுக்குச் சொன்னேன், ஆரோ பட்டனை அமத்திவிட்டுப் போகினம் என்கிறான். எனக்கென்றால் அதற்குள் ஆரோ நின்று, இறங்குவதோ விடுவதோ என்று யோசிக்கிறமாதிரி இருக்கிறது. விசர்க்கதை, விடுங்கள்.

எமில்டா

*

முல்லைத்தீவு
06.02.2023

என் தங்கச்சிக்கு,

நீ நீடூழி வாழவேண்டும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, காதுகூட இந்தக் கிழமை இரையவில்லை.

உன் கடிதங்களைக் கொட்டிலில் பாலேஸ்வரி எல்லாருக்கும் உரத்து வாசித்தாள். எனக்குக் கேட்காது, ஆனால் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரைக் கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். இந்தக் கொட்டிலில் எல்லாரும் சேர்ந்து சிரித்ததை நான் இதற்கு முதல் கண்டதில்லை.

மூன்று நிமிசத்தில் என்ன சொல்வது என்று நான் சொல்லித் தருகிறேன். அவன் பெயர் சீமோன். மே மாதம் பதினாறாம் திகதி விடிய என்னிடம் தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று போனவன். பஸ்ஸில் ஏற்றினதைக் கண்டிருக்கிறார்கள். எங்கே என்று கேள். அது ஒன்றுதான். அந்த மனிசி சொன்னமாதிரி ஒன்றே ஒன்று.

பின்னேர பஸ் வருகிற நேரம் நான் இன்னும் படலையைத் திறந்துதான் வைக்கிறேன். லிப்ற் வந்து நின்றால் நீயும் போய்ப் பார். விசர்க்கதை என்று எழுதாதே.

அக்கா

*

ரொறன்ரோ
27.02.2023

அன்பின் அக்கா,

சுகம் கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. தனியே இருந்தால் இதை வாசிக்காதீர்கள். பாலேஸ்வரியைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்திவிட்டு வாசியுங்கள்.

போன செவ்வாய் ரொஷெலின் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமைகளில் அவர்களுடைய கோயிலில், ஆபத்தில் இருக்கிறவர்களின் பெயரை வாசித்து மன்றாடுவார்களாம். எம்.பி.யிடம் போக முதல் சீமோனின் பெயரையும் வாசிக்கலாம் என்று வெள்ளை அட்டை ஒன்று தந்தா. முதல் வரியில் பெயர், அடுத்ததில் ஆரின் பிள்ளை என்று எழுதவேண்டும். நான் யோசிக்கவேயில்லை. ‘சீமோன், அருள்நாயகத்தின் மகன்’ என்று எழுதினேன். எங்கள் ஆட்கள் வேறு என்ன எழுதுவார்கள்? பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் தகப்பன் பெயர்தானே.

ரொஷெல் அட்டையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினா. “உது செத்தவைக்கு எழுதிற முறை எமில்டா. எங்கட பழைய வழக்கத்தில உயிரோட இருக்கிறவனுக்காக மன்றாடேக்க தாயின்ர பேர். செத்தவனுக்கெண்டால் தகப்பன்ர பேர். உனக்குத் தெரியாதுதானே. இந்தா, புதுசா ஒண்டு எழுது.” அவ்வளவுதான் சொன்னா. வேறு ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. புது அட்டையைத் தந்துவிட்டுச் சூப்பைக் கிண்டப் போய்விட்டா.

‘சீமோன்’ என்று எழுதினேன். ‘அன்ரனெற்றின் மகன்’ என்று எழுதவேண்டும். பேனா நகரவில்லை, அக்கா. வாயால் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன். கடிதத்திலும் எழுதியிருக்கிறேன். மன்றாட்டு அட்டையில் எழுத என் கை விடவில்லை. ரொஷெல் திரும்பி வரும்போது நான் அந்த ஒரு பெயரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அக்கா, சீமோன் இல்லை. அவன் பஸ்ஸில் ஏறவில்லை. பதினாறாம் திகதி காலையில் தண்ணீருக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்தது. பிரியந்தன் பக்கத்தில் நின்றவன். உடனே உயிர் போய்விட்டதாம், நோகவில்லை என்றான். அவனும் இன்னொருவருமாக அங்கேயே குழி வெட்டித் தாட்டிவிட்டு, கழுத்திலிருந்த உத்தரியத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டான். 2011ஆம் ஆண்டு நவம்பரில் என்னைத் தேடி வந்து அதைத் தந்தான். நீல நூல். உங்கள் தையலை எனக்குத் தெரியாதா? அன்றைக்கே உங்களுக்கு எழுதப்போகிறேன் என்றவனை நான்தான் தடுத்தேன். அந்த மாதம்தான் நீங்கள் கிணற்றுக்கட்டில் ஏறி நின்று, அயலவர்கள் பிடித்து இறக்கினார்கள். இந்தச் செய்தியும் வந்தால் என் அக்காவும் இல்லை என்று பயந்தேன். கோயிலுக்குக் கூட்டிப்போய் என் தலையில் அவன் கையை வைத்துச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். அவன் இங்கே ரொறன்ரோவிலேயே, வெக்ஸ்போர்ட்டில் இருக்கிறான், கராஜில் வேலை. எங்கேயாவது கண்டால் இன்னும் தலையைக் குனிந்துகொண்டு போகிறான்.

மூன்றாவது மெழுகுதிரி அத்தானுக்கு அல்ல. உத்தரியம் என்னுடைய பிஸ்கற் பேணிக்குள் பதினொரு வருசமாக இருக்கிறது.

ரொஷெலுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தடவிக்கொடுப்பா என்று நினைத்தேன். கையிலிருந்த பேனாவை வாங்கி மேசையில் வைத்தா. “என்ர அம்மா பத்தர்ஸ்ட் வீதி வீட்டை விட்டு ஐம்பது வருசம் அசையேல்லை. சண்டையில துலைஞ்ச தம்பி வந்து தேடுவான், விலாசம் மாறக்கூடாது எண்டு. மொன்றியலில இருந்த பெரியம்மாவுக்கு அவன் செத்தது முதலே தெரியும். அம்மா தாங்கமாட்டா எண்டு மறைச்சவ. அம்மா செத்தபிறகுதான் அவன் செத்ததைச் சொன்ன காகிதம் எனக்குக் கிடைச்சது.” பெரியம்மா நல்லவவோ என்று கேட்டேன். “மிச்சம் நல்லவ. எனக்கு இனிப்பெல்லாம் வாங்கித் தருவா. அவவின்ர செத்தவீட்டுக்கு நான் போகேல்லை.”

எட்டாம் திகதி நான் பேசமாட்டேன். சீமோனின் பெயரைச் சொல்லவேண்டுமானால் அதை நீங்கள்தான் சொல்லவேண்டும் என்று ரொஷெல் சொல்லிவிட்டா.

என்னை என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

எமில்டா

*

ரொறன்ரோ
10.04.2023

அன்பின் அக்கா,

உயிர்த்த ஞாயிறு நேற்றுப் போனது. உங்களுக்கு உடம்புக்கு எப்படி? ஒரு வரி போதும். சுகமில்லை என்று எழுதினாலும் போதும்.

மார்ச் எட்டாம் திகதி நான் மற்றவர்களின் கோட்டுகளைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தேன். பாலேஸ்வரியின் மகளைப் பற்றிப் பேசினார்கள். எம்.பி. இரண்டு பக்கம் எழுதி எடுத்தார், பதில் தருவேன் என்றார். ஒரு மாதத்தில் வராவிட்டால் கதிரையோடு வருவோம் என்று ரொஷெல் சொன்னா. அவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

போன புதன்கிழமை அவர்களுடைய பாஸ்காப் பந்திக்கு என்னைக் கூப்பிட்டா. சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு கோப்பையை நிறைத்து வைத்துவிட்டு எழும்பி வாசற்கதவைத் திறந்தார்கள். வரவேண்டிய தீர்க்கதரிசி ஒருவருக்காக வருசாவருசம் திறப்பார்களாம். குளிர்காற்று உள்ளே வந்தது. எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு உங்கள் படலைதான் தெரிந்தது. அடக்கமுடியாமல் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன்.

லிப்ற் இப்போதும் வந்து நிற்கிறது. போய்ப் பார்க்கிறேன்.

எமில்டா

*

முல்லைத்தீவு
02.05.2023

மதிப்புக்குரிய எமில்டா அக்காவுக்கு,

பாலேஸ்வரி எழுதிக்கொள்வது. என்னை உங்களுக்குக் கடிதத்தில்தான் தெரியும். நான் சுகம், உங்கள் சுகத்தையும் விரும்புகிறேன்.

அன்ரனெற் அக்கா கொட்டிலுக்கு வராமல் நாற்பத்தொரு நாளாகிறது. பலகையில் இலக்கம் எழுதுகிறவள் என்பதால் எனக்குச் சரியாகத் தெரியும். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டா. போய்ப் பக்கத்தில் இருந்தேன். வாசித்தா. எனக்குக் காட்டவில்லை. எழும்பிப் போய்ப் படலையைச் சாத்திக் கம்பியால் கட்டினா. அன்றைக்கிருந்து பின்னேர பஸ்ஸுக்கு அது திறக்கிறதில்லை.

சாப்பிடுகிறா. கிணற்றடிக்குப் போனால் நான் பின்னால் போகிறேன். “என்னடி, நான் குளிக்கிறதுக்கும் காவலோ?” என்று நேற்று ஏசினா. ஏசினது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் ஒரு பிள்ளையின் படம் தொங்குகிறது, கேட்கப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பாலேஸ்வரி

*

முல்லைத்தீவு
19.05.2023

எமில்டா,

உன் கடிதம் மார்ச் இருபத்திரண்டாம் திகதி வந்தது. அதற்கு இரண்டு கிழமைக்கு முதல், எட்டாம் திகதி, நான் கொட்டிலில் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி தட்டுப்பாட்டுக்குள்ளும் இனிப்பாகப் போட்டேன். இன்றைக்குக் கனடாவில் என் தங்கச்சி கதைக்கிறாள் என்று வந்தவன் போனவனுக்கெல்லாம் சொன்னேன். மற்றதெல்லாவற்றையும் விட அந்தத் தேத்தண்ணியை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

கிணற்றுக்கட்டில் நான் நின்றது உண்மை. அது ஒரு நாள். அடுத்த வருசம் நான் நின்றேனா? அதற்கடுத்த வருசம்? பதினொரு வருசமாக நீ என்னைக் கிணற்றுக்கட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தாய். நான் எப்போதோ இறங்கி, நடந்து, கொட்டில் போட்டு, பொலிஸோடு சண்டை பிடித்து, தாய்மாரைத் தாட்டு, இவ்வளவும் செய்த மனிசி. அது உனக்குத் தெரியவில்லை. அதுதான் என் கோபம். அது குறையும் என்று நான் எழுதமாட்டேன்.

போன கிழமை கொட்டிலுக்குப் போய்ச் சீமோனின் படத்தைக் கழற்றினேன். பாலேஸ்வரி பாய்ந்து எழும்பினாள். என்ன கேட்கிறாள் என்று அவள் வாயசைவிலேயே தெரிந்தது. “அக்கா, பிள்ளை வந்திட்டானோ?” அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. நான், “எங்க எண்டு தெரிஞ்சிட்டுது” என்றேன். அவள் விளங்கிக்கொண்டு கீழே குந்திவிட்டாள். படத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஆணி அங்கேயே இருக்கிறது. நாளைக்கு நான் திரும்பிப் போய் அந்த ஆணிக்குக் கீழே இருப்பேன். அவளுடைய மகளை அவள் தன் கையால் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டவள். அது கேள்விப்பட்டதல்ல, கண்டது. என் பிள்ளை செத்ததைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் செத்துத்தான் போனார்கள் என்று எவனும் சொல்ல நான் விடமாட்டேன்.

பிரியந்தனைக் கூப்பிடு. அவன் சத்தியத்தை நான் அவிழ்த்துவிட்டேன் என்று சொல். என் பிள்ளைக்கு மண் போட்டவன், அவனோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த இடத்தைக் கீறித் தரச் சொல். கடலிலிருந்து எவ்வளவு தூரம், எந்த மரம், எந்தப் பக்கம் தலை. கீழே தன் பெயரையும் திகதியையும் போட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும். அதை வைத்து உன் செவ்வாய்க்கிழமைப் பெண்கள் எழுதட்டும். ஒன்றே ஒன்று கேட்கவேண்டும்: என் பிள்ளையின் எலும்பை நான் எடுக்க விடவேண்டும். கதிரை வேண்டுமானால் இங்கேயும் இருக்கிறது.

உத்தரியத்தைத் தபாலில் போடாதே. நீயே கொண்டு வா. வந்து என்ன சொல்வது என்று வழி நெடுக யோசித்துக்கொண்டு வராதே. எனக்குக் காது கேட்காது.

நேற்று மே பதினெட்டு. சண்டை முடிந்த அந்த நாளில் கடற்கரையில் எல்லாரும் செத்தவர்களுக்குச் சுடர் ஏற்றுவார்கள். பதின்மூன்று வருசமாக நான் அந்தப் பக்கம் போனதில்லை, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஆர் விளக்கு வைப்பது? நேற்றுப் போனேன். காற்று இரண்டு தரம் அணைத்தது. மூன்றாவது தரம் நின்று எரிந்தது.

அந்த மனிசி ரொஷெலிடம் சொல். அட்டையை மாற்ற வேண்டாம். நீ முதலில் எழுதினதே சரி. தகப்பன் பெயரே இருக்கட்டும்.

சீமோனின் தாய்